பிராட்டியார் வெட்டுவித்த கல்

திருக்கோடிக்காவல் கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே சன்னிதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கல்வெட்டு பார்க்க வருகிறவர்கள் மட்டும் கருவறையின் வெளிச்சுவரை ஒட்டி, கழுத்தை ஒருக்களித்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார்கள். அந்தச் சுவரில் ஒரு வேடிக்கை உண்டு. சுவர் எழும்பியது பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உத்தம சோழன் காலத்தில். எழுத்தும் அந்தக் காலத்துச் சோழ எழுத்துத்தான். வாசகங்களோ சில இடங்களில் பல்லவன் ஆட்சியாண்டையும் சில இடங்களில் பாண்டியன் ஆட்சியாண்டையும் சொல்கின்றன. சோழன் கட்டிய சுவரில் பல்லவனுக்கும் பாண்டியனுக்கும் என்ன வேலை?

கல்வெட்டே விடை சொல்லிவிடுகிறது: ‘இதுவும் ஒரு பழங்கற்படி’. கோயிலைப் புதிதாகக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுப்பித்தபோது, பழைய கட்டடத்தில் இருந்த கொடை ஆவணங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்திருக்கிறார்கள். பழைய கற்கள் அதன்பின் வேண்டியதில்லை என்று கழிக்கப்பட்டன. நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் கணக்கு, ஆட்சியே மாறிப்போன பிறகும் செல்லுபடியாக வேண்டும் என்று நினைத்த மனம் ஒன்று அங்கே வேலை செய்திருக்கிறது. இன்று பத்திரப் பதிவு அலுவலகம் செய்கிற வேலை அது. அதைச் செய்யச் சொன்னவர் ஓர் அரசி, செம்பியன் மாதேவி.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரியின் வடகரையில், கஞ்சனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். சோழ அரசியரைத் தேடிப் புறப்படுகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னிலும் அதை எடுத்த மணிரத்னத்தின் திரைப்படங்களிலும் பார்த்த அரண்மனைப் பெண்கள் தலைக்குள் நிறைந்திருக்கும்போது, உண்மையான அரசியர் என்ன செய்தார்கள் என்று காட்டுவதற்கு இந்தச் சுவரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. (கல்கியின் நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லி முடித்துவிடலாம்.) சோழ அரசியர் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கொடுத்தவற்றின் கணக்குத்தான் கிடைத்திருக்கிறது. யார் கொடுத்தார், யாருடைய மகளாக, யாருடைய தேவியாக, யாரைப் பெற்றவராகக் கொடுத்தார் என்று ஒவ்வொரு கல்லும் உறவு சொல்லிவிட்டே பொருளைச் சொல்கிறது. அந்த உறவுச் சொல்லில்தான் அவருடைய அந்தஸ்து இருக்கிறது.

செம்பியன் மாதேவி மழவர் குலத்துப் பெண். கண்டராதித்த சோழனின் தேவி. திருச்சியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில், முதலாம் பராந்தகன் காலத்தில், 941-ல் விளக்குக்குக் கொடை கொடுத்தவராக முதலில் தென்படுகிறார். 1001 வரை அவர் பெயர் கல்வெட்டுகளில் வந்துகொண்டே இருக்கிறது. அறுபது ஆண்டுகள், மாமனார் பராந்தகன், கணவன், கொழுந்தன் அரிஞ்சயன், அவன் மகன் சுந்தர சோழன், சொந்த மகன் உத்தம சோழன், கடைசியில் ராஜராஜன் என்று ஆறு ஆட்சிகள். கண்டராதித்தன் 957 வாக்கில் மறைந்தான். ஆக, அந்த அறுபதில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளை அவர் கைம்பெண்ணாகவே கழித்திருக்கிறார். கல்வெட்டுகள் அவரை வழக்கமாகக் குறிப்பது இரண்டு உறவுகளால். கண்டராதித்த தேவரின் தேவியார் என்பது ஒன்று; உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த பிராட்டியார் என்பது இன்னொன்று. இரண்டாவதுக்குத்தான் கனம் அதிகம். அவருடைய பெரிய திருப்பணிகள் பலவும் மகன் அரியணையில் இருந்த காலத்தவை.

கும்பகோணம்–காரைக்கால் சாலையில் எஸ்.புதூரில் திரும்பினால் கோனேரிராஜபுரம் வரும். தேவாரம் பாடும் திருநல்லம் இதுதான். இப்போது கூட்டம் வருவது இங்கிருக்கும் மிகப் பெரிய நடராசர் செப்புத் திருமேனிக்காக. கருவறையின் தெற்குச் சுவர்ப் பக்கம் ஒதுங்கினால் ஒரு சிறிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சிவலிங்கத்துக்கு முன்னால் ஒருவர் அமர்ந்து கைகூப்பித் தொழுகிறார். லிங்கத்துக்கு வழிபாடு நடக்கிறது. தலைக்கு மேல் குடை. அவர் யார் என்பதில் குழப்பம் வேண்டாமென்று கீழேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தம் கணவர் கண்டராதித்த தேவர் திருநாமத்தால் இந்தக் கற்றளியை எடுப்பித்த செம்பியன் மாதேவியார், கணவர் திருநல்லமுடையாரைத் தொழுவதாக இந்த உருவத்தையும் எழுந்தருளுவித்தார்.

அந்த உருவத்தின் அடக்கம் கவனிக்கத்தக்கது. மணிமுடியும் வாளுமாக வெற்றிக்கோலத்தில் நிற்கும் மன்னனை அவர் செதுக்கச் சொல்லவில்லை. அமர்ந்து தொழும் பக்தனையே செதுக்கச் சொல்லியிருக்கிறார். கண்டராதித்தனும் அப்படிப்பட்டவன்தான். தில்லைக் கோயில் மீது அவன் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் சேர்ந்திருக்கிறது. ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்று கல்வெட்டுகள் அவனைக் குறிப்பதற்கு ஆய்வாளர்கள் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். சுமார் ஏழெட்டு ஆண்டுகளே ஆண்ட, பெரிய வெற்றி எதையும் பதிவில் விட்டுப்போகாத ஓர் அரசன், மனைவியின் செலவில் ஒரு கோயில் அளவுக்கு நிலைத்துவிட்டான். சோழநாட்டில் கணவனுக்குக் கோயில் எடுக்கும் அளவுக்குக் கையில் பொருளும், எந்த வடிவில் எடுக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் ஒரு கைம்பெண்ணுக்கு இருந்தன என்பதுதான் இந்தச் சுவர் தரும் செய்தி.

இன்னொரு பொறிப்பும் உண்டு. கோயிலைக் கட்டிய ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன் பெயர் அதில் இருக்கிறது. அவனுக்குக் கிடைத்த பட்டப்பெயர் ராஜகேசரி மூவேந்த வேளான். மூவேந்த வேளான் என்பது அரசின் உயர் அதிகாரிகளுக்குத் தரும் பட்டம். அரசியின் திருப்பணியைச் செய்துமுடித்தவனுக்கு அதிகாரியின் தகுதி வாய்க்கிறது என்றால், அந்தத் திருப்பணி பொழுதுபோக்காக நடந்த காரியமில்லை. அரசு நிருவாகத்தின் ஒரு கை. கட்டியவன் பெயர் தெரியாத எத்தனையோ கோயில்கள் இருக்கும் நாட்டில், அவன் பெயரைக் கல்லில் ஏற்றிய அந்த நேர்மைக்காகவும் இந்த அம்மையாரைப் பாராட்டலாம்.

ஆடுதுறை, குத்தாலம், விருத்தாசலம் என்று அவர் கற்றளியாக்கிய கோயில்களின் வரிசை நீளமானது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க நினைத்தால் கடைசியில் ஒன்றும் நினைவில் நிற்காது. திருவாரூரில் மட்டும் நின்று பார்க்க வேண்டும்.

தியாகராசர் கோயில் வளாகத்துக்குள்ளேயே அரநெறி என்று ஒரு தனிக்கோயில். அசலேசுவரர் சன்னிதி என்றால் வழிகாட்டுவார்கள். அதைக் கல்லால் எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. அங்கிருந்து சில அடி நடந்தால் மூலக்கோயில். அதைக் கல்லாக்கி, பொன் வேய்ந்த திருப்பணி இன்னொரு பெண்ணுடையது. அவர் பரவை நங்கை. ராஜேந்திர சோழனின் அணுக்கியார். அணுக்கியார் என்றால் அரசனுக்கு அணுக்கமானவர். பட்டத்தரசியரின் வரிசையில் அவருக்கு இடமில்லை. ஆனால் ராஜேந்திரனும் அவரும் இந்தக் கோயிலில் சேர்ந்து நின்று வழிபட்ட இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்க ஏற்பாடு நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மணமுறையில் அரசியான பெண்ணும், அன்புமுறையில் அரசனுக்கு நெருக்கமான பெண்ணும் ஒரே மதிலுக்குள் கல்வெட்டு பெற்றிருக்கிறார்கள். பிற்காலத்து ஒழுக்கவாதிகள் கூச்சப்பட்டிருப்பார்கள். பதினோராம் நூற்றாண்டில் வெட்டியவர்களுக்கு அந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

திருவாரூரிலிருந்து நாகை நோக்கிப் போகும் வட்டாரத்தில், கீழ்வேளூர்ப் பக்கம், செம்பியன்மாதேவி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அரசியர் பெயரில் ஊர் அமைவது சோழநாட்டில் சாதாரணம். திருச்சிக்குப் பக்கத்துச் சோழமாதேவி ஒன்று. புதுச்சேரி போகும் வழியில் திருபுவனை என்று பெயர்ப்பலகை வருமே, அதன் முழுப்பெயர் திரிபுவன மாதேவிச் சதுர்வேதிமங்கலம். பேச்சில் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. செம்பியன்மாதேவி மட்டும் தேயாமல் தப்பித்திருக்கிறது.

அந்த ஊர்க் கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளில் மாமியாருக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற மருமகள்களைப் பார்க்கலாம். செம்பியன் மாதேவி பிறந்தது சித்திரை மாதத்துக் கேட்டை நட்சத்திரம். அந்த நாளில் அன்னமிட உத்தம சோழனின் தேவியர் ஆளாளுக்கு முதல் வைத்திருக்கிறார்கள். பெயர்களோடு வரும் அடைமொழியைப் பாருங்கள்: இருங்கோளர் மகளார், விழுப்பரையர் மகளார், பழுவேட்டரையர் மகளார். சோழப் பேரரசைத் தாங்கிய குறுநில மன்னர் குலங்களின் பட்டியல் இது. ஒவ்வொரு திருமணமும் ஓர் அரசியல் உடன்படிக்கை; ஒவ்வொரு தேவியும் அரண்மனையில் இருக்கும் பிறந்த வீட்டுப் பிரதிநிதி. ஐரோப்பிய அரசவைகளிலும் மணமகள்கள் இப்படித்தான் நாடு விட்டு நாடு போனார்கள். சோழநாட்டில் மணமான பிறகும் தந்தை பெயர் கல்லில் கூடவே வந்தது. புகுந்த வீட்டில் அந்தப் பெயர்தான் அவர்களின் பின்பலம்.

பின்னாளில் ராஜேந்திர சோழன் செம்பியன் மாதேவிக்கே ஒரு செப்புத் திருமேனி எடுத்து இந்தக் கோயிலில் வைத்தான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உத்தம சோழனுக்குப் பின் 985-ல் அரியணை ஏறியது ராஜராஜன். சுந்தர சோழன் கிளை. செம்பியன் மாதேவியின் பேரன் மதுராந்தகன் கண்டராதித்தனுக்கு முடி கிடைக்கவில்லை. அவன் ராஜராஜனின் ஆட்சியில் கோயில்களின் கணக்குவழக்கை விசாரிக்கும் பொறுப்பில் இருந்தான். இன்னொரு கிளையின் கையில் அதிகாரம் போன பிறகும் மூதாட்டியின் மதிப்பு இறங்கவில்லை, ஏறத்தான் செய்திருக்கிறது. அரியணைக்குப் போட்டியாளராக வர முடியாத முதியவரைக் கொண்டாடுவதில் யாருக்கும் ஆபத்தில்லை என்று சற்றுக் குறும்பாகவும் சொல்லலாம்.

வாஷிங்டனில் உள்ள ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் சுமார் ஒரு மீட்டர் உயரச் செப்புச் சிலை ஒன்று இருக்கிறது. 1929-ல் வாங்கியது. நீண்ட கைகள், சரிந்த தோள்கள், மிகைப்படுத்திய வளைவுகள். அது செம்பியன் மாதேவியின் உருவம் என்று ஒரு தரப்பும், பார்வதி என்று ஒரு தரப்பும் வாதாடுகின்றன. இந்த ஊர்க் கோயிலிலிருந்து போனதுதான் அது என்று தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்தது. அரசியா அம்மனா என்று சந்தேகம் வரும்படி செய்வதே அந்தச் சிற்பியின் நோக்கமாக இருந்திருக்கவும் கூடும்.

மேற்கே திரும்பினால் பட்டீசுவரம். துர்க்கையம்மனுக்குக் கூட்டம் அலைமோதும் கோயிலுக்கு அருகே, இராமநாதன்கோயில் என்னும் சிற்றூரில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கற்றளி. பஞ்சவன் மாதேவீச்சரம். ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன் மாதேவி பழுவூரைச் சேர்ந்தவர். அவருக்காக ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை இது, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பும் கோயில். ராஜேந்திரனைப் பெற்றவர் வானவன் மாதேவி என்னும் திரிபுவன மாதேவி; பஞ்சவன் மாதேவி சிற்றன்னை. பள்ளிப்படை பொதுவாக அரசருக்கும் போரில் விழுந்த இளவரசருக்கும் எழுப்புவது. ஒரு சிற்றன்னைக்கு எழுப்பியது அபூர்வம். பெறாத மகனிடம் அந்தப் பாசத்தை எப்படிச் சம்பாதித்தார் என்று கல்வெட்டு சொல்லாது. கோயிலின் அளவும் அழகும் சொல்கின்றன.

கும்பகோணத்துக்கு வடக்கே, காவிரியைத் தாண்டினால் திருவிசலூர், தேவாரத்தில் திருவியலூர். 1014 வாக்கில், ராஜராஜனின் ஆட்சி முடியும் தறுவாயில், இங்கே ஒரு பெருஞ்சடங்கு நடந்தது. அரசன் எடைக்கு எடை பொன் கொடுத்துத் துலாபாரம் புகுந்தான். பட்டத்தரசி தந்திசக்தி விடங்கி என்னும் லோகமாதேவி, பொன்னால் செய்த பசுவின் வயிற்றுக்குள் புகுந்து வெளிவரும் இரணியகருப்பம் செய்தார். வழக்கமாக அரசர்கள் தங்கள் பிறப்பையே புதுப்பித்துக்கொள்ளச் செய்யும் தானம் அது. அரசனுக்குப் பக்கத்திலேயே அரசியும் தனியாக ஒரு மகாதானம் செய்திருக்கிறார்.

திருவையாற்றில் இதே லோகமாதேவிக்குச் சொந்தக் கோயில் உண்டு. ஐயாறப்பர் கோயிலின் பெரிய வளாகத்தில் வடகயிலாயம் என்று சொல்கிறார்களே, அது அவர் கட்டிய லோகமாதேவீச்சரம். தென்கயிலாயம் அடுத்த தலைமுறையில், ராஜேந்திரனின் தேவி ஒருவர் செய்த திருப்பணி. அவர் பெயரும் பஞ்சவன் மாதேவிதான். இந்தப் பெயர்கள் பட்டப்பெயர்கள் என்பதால் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வரும். பயணியைக் கிறுகிறுக்க வைப்பதில் சோழ அரசியரின் பெயர்களுக்கு நிகரில்லை. எந்தக் கல்வெட்டானாலும் யார் மகள், எந்த அரசனின் ஆட்சியாண்டு என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் பிடிபடும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பார்கள். அரசியரைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். அடித்தளத்தைச் சுற்றி ஓடும் வரிகளில் இருக்கிறார்கள்.

ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டு, இருபதாம் நாள். தஞ்சை அரண்மனையில் இருமடிசோழனின் கீழைத் திருமஞ்சன சாலையில் தானம் செய்துகொண்டிருந்தபடியே அரசன் ஓர் ஆணையிட்டான். குளியல் மண்டபத்தில் பிறந்த ஆணை என்று சொல்லலாம். இந்தக் கற்றளிக்கு நாம் கொடுத்தவையும், நம் அக்கன் கொடுத்தவையும், நம் பெண்டுகள் கொடுத்தவையும், மற்றவர்கள் கொடுத்தவையும் ஸ்ரீவிமானத்திலே கல்லில் வெட்டப்பட வேண்டும் என்பது அதன் சாரம். தலைமுறை தலைமுறையாக இதைப் பலர் மேற்கோள் காட்டிவிட்டார்கள். வரிசையை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அரசனுக்கு அடுத்த இடம் அக்காவுக்கு. மனைவியர் அதற்குப் பின்னால்தான். பட்டத்தரசி லோகமாதேவியும் அந்த ‘பெண்டுகள்’ என்னும் சொல்லுக்குள் அடக்கம்.

அக்கன் என்றால் குந்தவை; வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி. புகுந்த வீட்டை விடவும் பிறந்த வீட்டில்தான் அவர் கல்வெட்டு அதிகம் பேசுகிறது. அவர் கொடுத்த திருமேனிகள், பொற்கலங்கள், நகைகள் எல்லாம் பக்கம் பக்கமாக வருகின்றன. திருமேனியின் உயரம் முழம், விரல், தோரை என்று கடைசிப் பிசிறு வரை அளந்து எழுதியிருக்கும். பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்னும் கல்லால், மணிகள் பதித்த நகைகளை நிறுத்தது தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால். எடைக்கல்லுக்கே இறைவன் பெயர்! இத்தனை கறாராக எழுதியவர்கள் ஒருவேளை வருங்காலத்துத் தணிக்கையாளர்களை நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

குந்தவையின் பொருள் தூங்கிக் கிடக்கவில்லை. தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாட்டுக்காகக் காசு ஒதுக்கி, அந்தக் காசை ஊர்ச் சபைகளிடம் கடனாக விட்டார். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. சூரிய சந்திரர் உள்ளவரை இந்த வட்டி வந்துகொண்டே இருக்க வேண்டும், அதிலிருந்து பூசைச் செலவு நடக்க வேண்டும். சபைகளுக்கு வாய்க்கால் வெட்டவும் நிலம் திருத்தவும் முதல் கிடைத்தது. கோயிலுக்கு நிலையான வரவு கிடைத்தது. கொடுத்தவருக்குச் சோழநாட்டின் பல ஊர்களோடு நேரடித் தொடர்பு கிடைத்தது. பெரிய கோயிலின் பொருளாதாரத்தை ராஜராஜனின் சாதனையாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த அக்காவின் கணக்கைத் தவறாமல் படிக்க வேண்டும்.

மனைவியரும் சும்மா இருக்கவில்லை. லோகமாதேவி பிச்சதேவரையும், திரைலோக்கியமாதேவி கல்யாணசுந்தரரையும் எழுந்தருளுவித்தார்கள். ராஜராஜனுக்குப் பத்துக்கும் மேற்பட்ட தேவியர் இருந்ததைக் கல்வெட்டுகளிலிருந்து எண்ணிவிடலாம். அத்தனை பேருக்கும் தனித்தனியே கொடுக்கப் பொருள் இருந்திருக்கிறது. அந்தத் திருமேனிகளில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில.

குந்தவை எழுந்தருளுவித்தவற்றில் இரண்டு தெய்வ உருவங்களே அல்ல. ஒன்று ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’, அதாவது காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்த தந்தை சுந்தர சோழன். மற்றொன்று ‘தம்மை’, அவரைப் பெற்ற தாய் வானவன் மாதேவி. பெற்றோருக்குச் செப்பில் உருவம் எடுத்து, வழிபாட்டுக்கும் வழி செய்தார் மகள். தாயின் கதையைத் தெரிந்துகொள்ள வடக்கே போக வேண்டும்.

போகும் வழியில் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே நினைவில் கொள்ள வேண்டியது மகள்களை. ராஜராஜனின் மகள் இளைய குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டார். அவர் மகன் ராஜராஜ நரேந்திரன், ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கை தேவியை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவன், ராஜேந்திர சோழனின் மகன்வழியில் வாரிசு அற்றுப்போனபோது, 1070-ல் சோழ அரியணையில் ஏறினான். முதலாம் குலோத்துங்கன் அவன்தான். எல்லையைக் காக்கக் கட்டிக்கொடுத்த பெண்களின் வயிற்றின் வழியே பேரரசே திரும்பி வந்தது. அவன் காலத்து மெய்க்கீர்த்தியில் ஒரு மாற்றமும் தெரிகிறது. புவனமுழுதுடையாளோடும் வீரசிம்மாசனத்தில் வீற்றிருந்தருளிய என்று அரசியை அரியணையிலேயே உட்கார வைக்கிறது அது. உலகம் முழுவதும் உடையவள் என்று பட்டம். பட்டம்தான். சோழர் வரிசையில் தம் பெயரால் ஆண்ட அரசி ஒருவர்கூட இல்லை. காகதிய நாட்டில் ருத்ரமாதேவி பதின்மூன்றாம் நூற்றாண்டில் ருத்ரதேவர் என்று ஆண்பெயர் சூடி ஆண்டார். பொலனறுவையில் பராக்கிரமபாகுவின் தேவி லீலாவதி 1197-க்கும் 1212-க்கும் இடையில் மூன்று முறை அரியணை ஏறி மூன்று முறையும் இறக்கப்பட்டார். சோழநாட்டில் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

திருக்கோவலூர் பெண்ணையாற்றங்கரையில் இருக்கிறது. உலகளந்த பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் ஊரின் மறுபக்கம், கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கும் போக வேண்டும். இது மலையமான்களின் நாடு. குந்தவையின் தாய் வானவன் மாதேவி அந்தக் குலத்துப் பெண். ராஜராஜனின் 27-ஆம் ஆட்சியாண்டில் இங்கே வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு செய்யுளிலேயே அமைந்தது. ஊரின் பெருமையைப் பாடும்போது, பாரிமகளை மலையனிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கல்லைச் சொல்கிறது. ஆற்றின் நடுவில் கபிலக்கல் என்று இன்றும் காட்டுகிறார்கள். அதே பாட்டில் இன்னொரு தீயும் வருகிறது. சுந்தர சோழன் இறந்தபோது, பால்குடி மாறாத குழந்தையை விட்டுவிட்டுக் கணவனோடு வானவன் மாதேவி எரி புகுந்தார்.

வரிகள் அழகானவை, புகழுரையாகவே எழுதப்பட்டவை. படித்து முடித்தபின் செம்பியன் மாதேவியின் நினைவு வராமல் போகாது. இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். ஒருவர் கணவனுக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து கோயில் கோயிலாகக் கல்லேற்றினார். அவர் கண்ணெதிரேயே, கணவனின் தம்பி மகனுடைய தேவி சிதையேறினார். குழந்தை இருந்தது காரணம் என்றால் இருவருக்குமே குழந்தை இருந்தது. ‘இடைக்காலத்தில் பெண்ணின் நிலை’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட முடியாதபடி இந்த இரண்டு பெண்களும் குறுக்கே நிற்கிறார்கள். சோழ அரசியர் தீப்பாய்ந்த குறிப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதி என்று ஒன்று இருந்திருந்தால் செம்பியன் மாதேவி அதற்குக் கட்டுப்படவில்லை. அதற்காக யாரும் அவரைக் குறைத்து எண்ணவும் இல்லை.

திண்டிவனத்துப் பக்கம் தாதாபுரம். ராஜராஜபுரம் தேய்ந்து தாதாபுரம் ஆனது. குந்தவை இங்கே ஒன்றுக்கு மூன்று கோயில் எடுத்தார்: சிவனுக்கு ரவிகுல மாணிக்க ஈச்சுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகர், சமணருக்குக் குந்தவை ஜினாலயம். 1006-ஐ ஒட்டிய கல்வெட்டு மூன்றையும் ஒரே கொடையாளரின் கணக்கில் சேர்த்துச் சொல்கிறது. சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் நிற்கின்றன. ஜினாலயத்தைக் காணோம். தம்பி தஞ்சையில் சிவனுக்கு வானளாவ எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அக்கா மூன்று சமயத்துக்கும் பங்கு வைத்தார். சொந்தப் பணம் இருந்தால்தான் இப்படிச் சொந்த முடிவும் எடுக்க முடியும்.

கடைசி ஊர் செய்யாறு வட்டாரத்துப் பிரம்மதேசம். விழுப்புரம் பக்கத்திலும் ஒரு பிரம்மதேசம் உண்டு, அங்கும் அருமையான சோழர் கோயில்கள் இருக்கின்றன; வழி கேட்கும்போது செய்யாற்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் வண்டி அங்கே போய் நிற்கும். இங்கிருப்பது சந்திரமௌலீசுவரர் கோயில். கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திரன் 1044-ல் இறந்ததும் அவன் தேவி வீரமாதேவி உடன் மாண்டதும் இங்குள்ள கல்வெட்டால் தெரியவருகின்றன. பரந்த பேரரசின் தலைவனுக்கும் அவன் தேவிக்கும் இங்கே கல்வெட்டு பதிவு செய்வது ஒரு தண்ணீர்ப்பந்தலை. இறந்த இருவரின் தாகமும் தீர வேண்டும் என்று வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வார்க்க வைத்த அறக்கட்டளை அது. வைத்தவன் சேனாபதி மதுராந்தகன் என்னும் பரகேசரி வேளான். அரியணையில் அப்போது இருந்தது ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன். பந்தலுக்குக் கொடுத்த சேனாபதி, வீரமாதேவியின் உடன்பிறந்தான்.